ஒரே ஓனர், கவனமானவர்

கௌரிசங்கருக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். சம்பந்தி வீட்டு உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். மெல்பன் நகரத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் மேனேஜர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்குச் சம்பளம். திரையில் ஒரு பொத்தான் மயிரிழை இடப்பக்கம் நகர்ந்திருந்தால் போதும், அதை எழுதியவனுக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது. "அவன் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது" என்று நாலு பேர் சொல்வார்கள் என்று காத்திருந்து பார்த்தான். யாரும் சொல்கிற வழியாக இல்லை. கடைசியில் அவனே சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டான்.

இப்பேர்ப்பட்ட கண்ணுக்குச் சொந்தக்காரன் நாற்பத்து மூன்றாவது வயதில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். ஏன் என்று கேட்காதீர்கள். அந்த வயதில் சிலருக்குச் சர்க்கரை வருகிறது, சிலருக்கு மோட்டார் சைக்கிள் வருகிறது. நானூறு சிசி, கருநீலம், குனிந்தால் முகம் தெரிகிற பெட்ரோல் டேங்க். கூடவே தோளுக்கும் முதுகுக்கும் முட்டிக்கும் தனித்தனியாக அட்டை வைத்துத் தைத்த ஜாக்கெட், கால்சட்டை, பேட்டரியில் சூடாகும் கையுறை. இத்தனையும் மாட்டிக்கொண்டு அவன் கிளம்பினால் நிலாவுக்குப் போகிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போவது அவர்கள் குடியிருந்த மெல்ட்டன் புறநகரின் ரயில் ஸ்டேஷன் வரைக்கும். நாலரை கிலோமீட்டர்.

மனைவி நாகலட்சுமி லேசில் சம்மதித்துவிடவில்லை. அவள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பேச்சில் மயங்குகிற ஆள் இல்லை. மூன்று மாதம் கெஞ்சினான், இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு தாளை எடுத்து எழுதி அவன் முன்னால் வைத்தாள். 'ஒரே ஒரு தடவை விழுந்தாலும் அடுத்த வாரமே வண்டியை விற்றுவிட வேண்டும். எங்கே விழுந்தாலும், எப்படி விழுந்தாலும், யார்மேல் தப்பு என்றாலும்.'

"கையெழுத்துப் போடுங்க. அப்புறம் என்ன வேணா வாங்குங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் உத்தியோகப் புத்தி எங்கே போகும்? தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "இது ஒரு பக்கமா இருக்கே. 'இந்த வீட்டுல யார் எதைப் பண்றப்போ விழுந்தாலும் அதோட அதை விட்டுடணும்'னு சேர்த்து எழுது. நீ யோகா பண்றப்போ விழுந்தா யோகாவை விடு. ப்ரீத்தி நெட்பால்ல விழுந்தா நெட்பாலை விடட்டும். சட்டம்னா எல்லாருக்கும்தான் சட்டம்."

பதினாறு வயது மகள் ப்ரீத்தி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே "தட்ஸ் சோ ஸ்டுபிட், அப்பா" என்றாள். நாகலட்சுமி மறுபேச்சுப் பேசாமல் அந்த வரியையும் சேர்த்தாள். மூன்று பேரும் கையெழுத்துப் போட, தாள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழே ஏறியது. மனைவியை மடக்கிவிட்ட சந்தோஷத்தில் கௌரிசங்கர் அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

பத்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு ஆடி வந்தது.

ஊரில் ஆடி என்றால் காற்று, கூழ், அம்மன் கோவில் ஒலிபெருக்கி. மெல்ட்டனில் ஆடி என்றால் நடுக் குளிர்காலம். விடிகாலையில் புல் வெள்ளையாக விறைத்துக் கிடக்கும், கார்க் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போக முடியும். அம்மனுக்கு இந்தச் சங்கதி தெரியுமோ என்னவோ, நாகலட்சுமிக்கு ஆடி வெள்ளி ஆடி வெள்ளிதான். ஆடிப்பூரத்தன்று கோவிலில் கொடுத்த கண்ணாடி வளையல்களைக் கைக்கு ஆறாகப் போட்டுக்கொண்டு, விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். அந்த வீட்டில் வாசல் என்று ஒன்று இருந்தால்தானே? கதவைத் திறந்தால் நாலு சாண் ஓடு, அதைத் தாண்டினால் புல். ஆகவே கராஜிலிருந்து ரோட்டுக்குச் சரியும் டிரைவ்வேயைத்தான் அவள் வாசலாக நியமித்திருந்தாள். அதன் அடியில், செங்கல் கட்டிய தபால் பெட்டிக்குப் பக்கத்தில், பதினைந்து புள்ளியில் ஒரு பெரிய கோலம்.

மைனஸ் ஒரு டிகிரிக் குளிரில் சிமெண்டுத் தரையில் ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்தால் என்ன ஆகும்? தெரியாதவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த வீட்டில் ஒரு கணக்கு டீச்சரும் ஒரு டெஸ்டிங் மேனேஜரும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கௌரிசங்கர் சர்வ அலங்காரங்களுடன் கராஜுக்கு வந்தபோது இன்னும் இருட்டு விலகவில்லை. பாத்ரூமில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெகு நேரமாகவே ஓடிக்கொண்டிருந்தது. "தண்ணி பில்லு யார் கட்டுறதாம்?" என்று முணுமுணுத்துவிட்டு வண்டியை உதைத்தான் என்று எழுத ஆசைதான், இந்தக் காலத்து வண்டிக்குப் பொத்தானை அழுத்தினால் போதும். மெல்ல உருட்டிக்கொண்டு இறங்கினான். முன்விளக்கு வெளிச்சத்தில் கோலம் பளிச்சென்று தெரிந்தது. ஆடி வெள்ளிக் கோலத்தின் மேல் டயரை ஏற்றினால் வீட்டில் பூகம்பம் வரும். ஒதுங்கிப் போகலாம் என்று லேசாக ஒடித்து, லேசாக முன்பிரேக்கைத் தொட்டான்.

அவ்வளவுதான். முன்சக்கரம் அவனிடம் சொல்லிக்கொள்ளாமலே வேறு பக்கம் கிளம்பிவிட்டது. இருநூறு கிலோ வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து, கோலத்தின் மேலேயே வழுக்கிக்கொண்டு போய், தபால் பெட்டிச் செங்கல்லில் டேங்கை உரசி நின்றது. வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ப்ரீத்தி நடக்கப் பழகியபோது அதைவிட வேகமாக விழுந்திருக்கிறாள்.

கௌரிசங்கருக்கு ஒரு கீறல் இல்லை. அத்தனை அட்டைகளும் அவரவர் இடத்தில் இருந்து கடமையைச் செய்துவிட்டன. மானத்துக்குத்தான் அட்டை வைத்துத் தைக்கவில்லை.

விழுந்த வண்டியை எப்படித் தூக்குவது என்று அவன் வீடியோ பார்த்திருந்தான். வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைப்பிடியைப் பின்னால் பற்றி, காலை ஊன்றிப் பின்னுக்கு நடக்க வேண்டும். வீடியோவில் ஒல்லியான பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே செய்தாள். அவள் காலடியில் ஐஸ் இல்லை. இவன் ஊன்ற ஊன்றக் கால் முன்னால் ஓடியது. மூன்று தடவை வண்டியின் மேலேயே உட்கார்ந்தான். அரைக்கால் சட்டையில் நாயை நடத்திக்கொண்டு வந்த எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் நின்று "யூ ரைட், மேட்?" என்றார். ஐஸில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தவன் "ஆல் குட், ஆல் குட்" என்றான். அவர் அதை நம்பிவிட்டுப் போய்விட்டார். இந்த நாட்டில் அது ஒரு சௌகரியம்.

நாலாவது முயற்சியில் வண்டி நிமிர்ந்தது. டார்ச்சை அடித்துச் சேதத்தைப் பார்த்தான். கிளட்ச் பிடி வளைந்திருந்தது. இடப்பக்க இண்டிகேட்டர் நொறுங்கியிருந்தது. டேங்கில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். ஊரில் இதற்கெல்லாம் யாரும் வண்டியை விட்டு இறங்கிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் ஃபிரிட்ஜ் கதவில் தாள் ஒன்று தொங்குகிறதே? எங்கே விழுந்தாலும், எப்படி விழுந்தாலும். சொன்னால் வண்டி போய்விடும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆகவே அவன் சொல்லப்போவதில்லை. இந்த முடிவுக்கு வர முழுசாக மூன்று விநாடி பிடித்தது.

வண்டியைக் கராஜுக்குள் தள்ளிவிட்டுத் துடைப்பத்தோடு வந்தான். ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் சில்லுகளை ஒன்று விடாமல் கூட்டினான். அவற்றோடு பச்சை நிறத்தில் இரண்டு துண்டுகள் கிடந்தன; சுண்டுவிரல் நகம் அளவு, லேசான வளைவு. தட்டிப் பார்த்தான், கண்ணாடி. வண்டியில் பச்சையாக என்ன இருக்கிறது? நியூட்ரலில் இருந்தால் மீட்டரில் ஒரு பச்சை விளக்கு எரியும். ஐயையோ, அதுவும் போச்சா! துண்டுகளைப் பத்திரமாக ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அடுத்து கோலம். இடப்பாதி நடுவோடு சேர்த்துத் துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது. வேறு ஆளாக இருந்தால் அழுதிருப்பான்; இவன் பொறியியல் படித்தவன். கோலம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல்தானே இருக்கும்? மிஞ்சிய பாதியைப் பார்த்து மறுபாதியை வரைந்தால் தீர்ந்தது. கராஜ் தட்டிலிருந்து கோலமாவு டப்பாவை எடுத்துவந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், ஐஸில் குத்துக்காலிட்டுக் குந்திப் புள்ளி வைத்தான். வலப்பக்கம் ஏழு புள்ளி, ஆகவே இடப்பக்கம் ஏழு புள்ளி. வளைத்து வளைத்து இழுத்து முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தபோது அவனுக்கே பெருமை தாங்கவில்லை. எது அசல், எது நகல் என்று சொல்லவே முடியாது! பம்மிக்கொண்டு நடந்து போய் பஸ் ஏறினான்.

சாயங்காலம் சீக்கிரமே திரும்பிவந்தவனுக்கு ஒரு பிரச்சினை காத்திருந்தது. வண்டி இடப்பக்கமாகத்தான் சாய்ந்து நிற்கும். இடப்பக்கம் சலவை அறைக் கதவைப் பார்த்தபடி இருக்கும். அந்தக் கதவு வழியாக நாகலட்சுமி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்வருவாள். வண்டியைத் திருப்பி நிறுத்தினால் ஏன் திருப்பினாய் என்ற கேள்வி வரும். யோசித்தான், யோசித்தான். நெற்றியைத் தடவிக்கொண்டபோது வழி கிடைத்தது.

ஆடி வெள்ளி! வண்டிக்குப் பூஜை போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, டேங்கின் கீறலை மூடி ஒரு சாண் நீளத்துக்குப் பட்டையாகப் பூசி, மேலே மூன்று இடத்தில் குங்குமம் வைத்தான். உடைந்த இண்டிகேட்டரில் எலுமிச்சம்பழத்தைக் குத்தினான். வளைந்த கிளட்ச் பிடியில் கதம்பச் சரத்தைச் சுற்றினான். வலப்பக்கத்துக்கு ஒரு பொட்டுக்கூட இல்லை. சாமி இடப்பக்கம் மட்டும்தான் வந்து அனுக்கிரகம் பண்ணியிருந்தது.

நாகலட்சுமி துணிக் கூடையை இடுப்பில் ஒற்றைக் கையால் அணைத்துக்கொண்டு வந்தாள். வண்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "என்ன திடீர்னு பக்தி?"

"ஆடி வெள்ளி இல்லையா? நீ கோலம் போடுற, நான் பூஜை போடுறேன்."

அவள் அந்தச் சந்தனப் பட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "உடம்பெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

விசாரணை ஆரம்பித்துவிட்டது என்று கௌரிசங்கர் உஷாரானான். "ஏன், எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்!"

அவள் இன்னும் ஏதோ எதிர்பார்க்கிறவள்போல் நின்றுவிட்டு உள்ளே போனாள். தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டான்.

அன்று முதல் அந்த வீட்டில் நடந்த எதுவும் அவனுக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை. சனிக்கிழமை நாகலட்சுமி ஊறுகாய் பாட்டிலை அவன்முன் வைத்து "இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க" என்றாள். எந்தக் காலத்தில் அவள் அவனிடம் பாட்டிலைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள்? அவனுடைய கையில் அடிபட்டிருக்கிறதா என்று வேவு பார்க்கிறாள்! முகத்தை மாற்றாமல் ஒரே திருகில் திறந்து கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ப்ரீத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு சப்பாத்தி மாவு பிசைந்தாள். பிள்ளைக்கு இப்போதாவது வேலை பழக்குகிறாளே என்று மனசுக்குள் பாராட்டினான். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடியும் நாகலட்சுமி விரல் வரை இழுத்துவிட்ட ஸ்வெட்டரோடு திரிந்தாள். குளிர் அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டான். சிங்க்கில் பாத்திரம் குவிந்து கிடந்தது. கோபமாக இருக்கிறாள், ஆனால் ஆதாரம் கிடைக்காமல் தவிக்கிறாள் என்று தீர்மானித்தான்.

போதாக்குறைக்கு உப்பு. மறுநாளிலிருந்து தினமும் காலையில் டிரைவ்வே முழுக்கக் கல்லுப்பு இறைந்து கிடந்தது. திருஷ்டி கழிக்கிறாளாக்கும்! புதன்கிழமை அவனுக்குப் பொறுக்கவில்லை. "நாகா, திருஷ்டி கழிக்கணும்னா ஒரு கை உப்பு போதாதா? மூட்டையையே கொட்டி வச்சிருக்கியே. உப்புப் பட்டா ரிம் துருப்பிடிக்கும், தெரியுமா? நாளைக்கு வண்டியை வெளிய எடுக்கவேண்டாமா நான்?"

"எடுங்க. யார் வேணாம்னது?" என்றாள் அவள். அந்தக் குரலில் இருந்ததை அவன் கவனிக்கவில்லை. சக்கரத்துக்கு என்ன ஆகுமோ என்ற கவலையில் இருந்தான். அடுத்த வெள்ளியன்று அவள் தண்ணீர் தெளிக்காமல், காய்ந்த தரையில் ஒன்பது புள்ளிக்குச் சின்னதாக ஒரு கோலம் போட்டாள். சோம்பல் வந்துவிட்டது என்று அதற்கும் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டான்.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கராஜில் உட்கார்ந்து அந்தப் பச்சைத் துண்டுகளை ஆராய்ந்தான். மீட்டரைக் கழற்றிப் பார்த்தான். பச்சை விளக்கு முழுசாக இருந்தது. கம்பெனியின் உதிரிபாகப் படங்களைத் தரவிறக்கி அறுபது பக்கம் புரட்டினான். கண்ணாடியில் செய்த பச்சைப் பொருள் எதுவும் அந்த வண்டியில் எந்த மூலையிலும் இல்லை. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாதவனுக்குத் தூக்கம் போயிற்று.

இரண்டாவது சனிக்கிழமை, ஆர்டர் பண்ணிய கிளட்ச் பிடியும் இண்டிகேட்டரும் வந்து சேர்ந்தன. ப்ரீத்திக்கு நூலகத்தில் வேலை, நாகலட்சுமிக்குத் திருத்த விடைத்தாள் கட்டு. வண்டியைப் பதுக்கிப் பதுக்கி ஓட்டிக்கொண்டு டியர் பார்க் பகுதியில் இருக்கும் கேதீஸ்வரனிடம் போனான். கேதீஸ்வரன் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். வார நாட்களில் அடிபட்ட கார்களுக்குத் தகடு தட்டிப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் வேலை, சனிக்கிழமைகளில் தெரிந்தவர்களுக்கு வீட்டுக் கராஜிலேயே.

அவர் வண்டியைச் சுற்றிவந்தார். "தம்பி, உதென்ன சந்தனம்? வண்டிக்குக் கலியாணமோ?"

"ஆடி வெள்ளிக்குப் பூஜை போட்டேன், அண்ணா."

"ஓம், ஓம். கீறின இடத்தில மட்டும் பூசை நடந்திருக்கு." ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தார். "எங்க விழுந்தனீங்கள்? ஹைவேயிலயோ?"

"வீட்டு வாசல்ல."

"ஸ்பீட்?"

"ஒரு… நாலு கிலோமீட்டர்."

கேதீஸ்வரன் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்காக அவர் திரும்பிக்கொண்டு ஸ்பானரைத் தேடியது வெகு நேரம் நடந்தது.

வேலை என்னவோ ஒரு மணி நேரம்தான். கிளட்ச் கம்பியைத் தளர்த்தி, ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, வளைந்த பிடியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார். இண்டிகேட்டரின் இரண்டு வயரை இணைத்து டேப் சுற்றினார். டேங்கின் கீறலை நைசான உப்புத்தாளால் தேய்த்து, கருநீலத்தைத் தொட்டுத் தொட்டு வைத்து, காய்ந்ததும் பஞ்சால் மினுக்கினார். விழுந்த சுவடே இல்லை. கௌரிசங்கருக்குக் கண்ணீர் வராத குறை. வென்றுவிட்டான்! தாளும் ஃபிரிட்ஜில் இருக்கும், வண்டியும் கராஜில் இருக்கும்.

கிளம்பும்போது ஞாபகம் வந்து பையிலிருந்து அந்தத் துண்டுகளை எடுத்தான். "அண்ணா, இதுமட்டும் மிச்சம். வண்டியில எந்தப் பார்ட்னு ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கறேன். மீட்டரைக்கூடக் கழட்டிப் பார்த்துட்டேன்."

கேதீஸ்வரன் உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் பார்த்தார். கண்ணாடிகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"தம்பி, உது காப்பெல்லோ? பொம்பிளையள் போடுற கண்ணாடிக் காப்பு. ஆடிப்பூரத்துக்குக் கோயிலில குடுத்தவை. என்ர மனிசியும் உதைத்தான் போட்டுக்கொண்டு திரியிறா." துண்டைத் திருப்பினார். "சும்மா தட்டுப்பட்டா விரியும், உப்பிடி நொறுங்காது. விழுந்து கையை ஊண்டினாத்தான் உப்பிடி உடையும். வீட்டில ஆர் விழுந்தது?"

கௌரிசங்கர் அந்தத் துண்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

ஊறுகாய் பாட்டில் கண்முன் வந்தது. ப்ரீத்தி பிசைந்த மாவு வந்தது. விரல் வரை இழுத்துவிட்ட ஸ்வெட்டர், ஒற்றைக் கையால் அணைத்த துணிக்கூடை, குவிந்து கிடந்த பாத்திரம், விடிகாலையில் வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்த பாத்ரூம் குழாய். எல்லாம் வரிசையாக வந்து நின்று, எங்களை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டன. அந்த வளையல்களை ஆடிப்பூரத்தன்று கோவில் வரிசையில் வாங்கிக் கொடுத்ததே அவன்தான். அவள் கையை நீட்ட, "கைக்கு ஆறு, எண்ணிப் போட்டுக்கோ" என்று சொன்னதும் அவன்தான். மில்லிமீட்டர் கணக்கில் டேங்கைத் தடவிப் பார்த்தவன், எட்டு நாளாக அவள் கையைப் பார்க்கவே இல்லை. வெட்கக்கேடு. நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ஏன் தம்பி, முகம் ஒருமாதிரிப் போட்டுது? இருந்து ஒரு ரீ குடிச்சிட்டுப் போங்கோவன்."

"இல்லண்ணா, வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

நாகலட்சுமி சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வலக்கையில் சிவப்புப் பேனா, இடக்கை மடியில். கௌரிசங்கர் பச்சைத் துண்டுகளை விடைத்தாளின் மேல் வைத்தான்.

"கையைக் காட்டு."

"எந்தக் கையை?"

"நாகா, விளையாடாத."

அவள் பேனாவை மூடிவிட்டு ஸ்வெட்டரை மேலே இழுத்தாள். மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. சுற்றியிருந்த பட்டைத் துணிக்கு மேலும் கீழும் மஞ்சளும் நீலமுமாகக் கன்றியிருந்தது. கோவில் வளையல் ஒன்றுகூட அந்தக் கையில் இல்லை.

"ஐயோ… ஒன்பது நாளா இதை வச்சுக்கிட்டா—"

"எட்டு நாள்" என்று திருத்தினாள் கணக்கு டீச்சர்.

"ஏன் சொல்லல? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவள் ஃபிரிட்ஜ் பக்கம் முகவாயை அசைத்தாள். "சட்டம்னா எல்லாருக்கும்தான் சட்டம்னு யார் சொன்னது? கோலம் போட்டு முடிச்சு எழுந்து ரெண்டு எட்டு வச்சேன், வழுக்கிடுச்சு. வாளியும் கவுந்துடுச்சு. சொன்னா நீங்க சிரிச்சுக்கிட்டே அந்தத் தாளைக் காட்டுவீங்க, கோலத்தை விடுன்னு. பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதுட்டு வந்தேன். அதுக்குள்ள நீங்க கிளம்பிட்டீங்க."

"நாகா, நானும் அன்னைக்கு…"

"தெரியும். பதினாலு புள்ளி."

"என்னது?"

"நான் வச்சது பதினஞ்சு. நடுப்புள்ளியை யாரு வைப்பா? காரை எடுக்கிறப்பவே பார்த்துட்டேன். சாயங்காலம் அந்தச் சந்தனத்தையும் பார்த்தேன். அடிகிடி பட்டிருக்குமோன்னு பதறிப்போய் உடம்பு நல்லா இருக்கான்னு கேட்டேன். எனக்கென்னன்னு சொன்னீங்க." அவள் ஸ்வெட்டரைத் திரும்பக் கீழே இழுத்துவிட்டாள். "பதிலுக்கு, உனக்கு எப்படி இருக்குன்னு கேப்பீங்கன்னு அங்கயே நின்னேன்."

கௌரிசங்கர் நாற்காலியில் உட்கார்ந்தான். "அப்போ அந்த உப்பு?" என்றான்.

"உப்புப் போட்டா ஐஸ் பிடிக்காது. நீங்க ரெண்டாவது தடவை விழக்கூடாதுன்னுதான் போட்டேன். ரிம் துருப்பிடிக்கும்னு எனக்குத் தோணல."

அதற்கு மேல் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கார்ச் சாவியை எடுத்தான். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் மயிரிழைக்கு ஒரு விரிசல். சின்னச் சேதம்தான், ஆனால் முதல் நாளே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் அவனைப் பார்த்துச் சொன்னார். முழங்கை வரை மாவுக்கட்டு, ஆறு வாரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கௌரிசங்கர் காந்தத்தை எடுத்துத் தாளை மேஜைமேல் வைத்தான். ப்ரீத்தி ஒரு பக்கம், நாகலட்சுமி ஒரு பக்கம்.

"நான் விழுந்தது தண்ணியில" என்றாள் நாகலட்சுமி, கட்டுப்போட்ட கையை மேஜையில் வைத்தபடி. "அதனால தண்ணி தெளிக்கிறதை விட்டுட்டேன். கோலத்தை விடமாட்டேன்."

கௌரிசங்கருக்கு அந்த நிமிஷமே ஓட்டை தெரிந்துவிட்டது. அவன் விழுந்ததும் அதே தண்ணீரில்தானே? அந்தக் கணக்குப்படி அவனும் தண்ணீரை விட்டால் போதும், வண்டியை விட வேண்டியதில்லை! நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கண்டுபிடித்த ஓட்டையை யாரிடமும் சொல்லாமல் விழுங்கினான்.

போனை எடுத்து வண்டி விற்கிற பக்கத்தில் விளம்பரம் எழுதினான். நல்லவேளையாகப் படம் எடுக்க வண்டி பளபளவென்று இருந்தது. எழுதி முடித்து மனைவியிடம் நீட்டினான். நானூறு சிசி, கருநீலம், பத்து மாதம் ஓடியது. ஒரு தடவை வீட்டு வாசலிலேயே விழுந்தது, சரிசெய்யப்பட்டுவிட்டது. ஒரே ஓனர், கவனமானவர்.

நாகலட்சுமி வலக்கையில் போனை வாங்கி, விடைத்தாள் பார்க்கிற மாதிரி வரிவரியாகப் பார்த்தாள். அவன் உள்ளூர ஒரு ஆசையோடு காத்திருந்தான். போனால் போகிறது, வச்சுக்கோங்க என்று சொல்லிவிடமாட்டாளா? அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க. வாங்குறவங்ககிட்டப் பொய் சொல்லக்கூடாது."

கௌரிசங்கர் அந்த வார்த்தையை அழித்துவிட்டு விளம்பரத்தைப் போட்டான்.